ஒரு திருகு, இரண்டு கம்பி

அத்தியாயம் 4

செத்தவர் கைப்பட எழுதிய கடைசி வரி மெயின் சுவிட்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

மஞ்சள் அட்டை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியது போல உருண்டை உருண்டையான எழுத்து. '11.06 ஆஃப். 11.16க்கு முன் கதவைத் திறக்காதே.' அட்டைக்குக் கீழே, சுவிட்சின் கைப்பிடியை அசையவிடாமல் ஒரு சிவப்புப் பூட்டு.

"யாருக்காக எழுதினாராம்?" என்று கேட்டார் சர்வேயர்.

"தனக்குத்தான் மேடம்," என்றான் ரேடியோ. "என் பொண்டாட்டி ஃப்ரிட்ஜ் கதவுல சீட்டு ஒட்டுவா, அது எனக்கு. இந்த மனுஷன் தனக்கே ஒட்டிக்கிட்டிருக்கார். ரொம்ப ஜாக்கிரதையான ஆசாமி."

"ஜாக்கிரதையான ஆசாமிதான் நாலு நாள் முன்னாடி நீ நிக்கற இடத்துல விழுந்து கிடந்தார்."

ரேடியோ இரண்டடி நகர்ந்து நின்றான்.

சர்வேயர் இருபத்தைந்து வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கோடவுன்களையும் நசுங்கிய லாரிகளையும் பார்த்து அறிக்கை எழுதியவர். வேலையை விட்டபின்னும் அந்தப் பெயர் அந்த அம்மாவை விடவில்லை. துப்பறிய ஆரம்பித்தபோது, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையிலிருந்து ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். கை ஓய்ந்தாலும் அவன் வாய் ஓயாது. பெயர்க் காரணம் அவ்வளவுதான்.

இந்தக் குழாய்த் தொழிற்சாலைக்கு அவர்களை வரவழைத்தவள் செத்துப்போன எலெக்ட்ரீஷியனின் மனைவி. அவள் காலையில் வந்தபோது அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

"புருஷனைப் பறிகொடுத்துட்டேன். தம்பியையும் தூக்கிக் குடுத்துட்டு நான் யார் மூஞ்சியில முழிக்கறது?"

தம்பி அதே தொழிற்சாலையில் ஃபிட்டர். மாமாவுக்குக் கீழே ஆறு வருஷமாக வேலை. அவன் இப்போது லாக்கப்பில் இருந்தான். போலீஸின் கதை சுருக்கமானது. மாமா மெயினை அணைத்துப் பூட்டிவிட்டு மின்சாரப் பேனலுக்குள் கைவிட்டார். அந்தப் பூட்டுக்கு இருந்த ஒரே மாற்றுச் சாவி மச்சான் பாக்கெட்டில். அவன் பூட்டைத் திறந்தான், மெயினைப் போட்டான், மாமா விழுந்ததும் அணைத்துப் பூட்டினான். முந்தின நாள் இருவரும் இதே இடத்தில் கத்திச் சண்டை போட்டதைப் பத்துப் பேர் பார்த்திருக்கிறார்கள்.

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். கூடவே, பேனலுக்குக் காவலாகப் போடப்பட்டிருந்த ஏட்டு.

"முதல்ல நான் கவனக்குறைவுன்னுதான் நினைச்சேன்," என்றார் மேனேஜர். "மெயினை அணைச்சாலும் இந்த டிரைவுக்குள்ள கொஞ்ச நேரம் கரண்ட் தேங்கி நிக்கும். ஆறாம தொட்டா ஆளைத் தூக்கி அடிச்சிடும்."

"அதுக்குத்தான் பத்து நிமிஷம் காத்திருக்கார்," என்று அட்டையைக் காட்டினார் சர்வேயர். "பிரேதத்தை எப்ப பார்த்தீங்க?"

"பதினொன்னரைக்கு. ஸ்டோருக்குப் போயிருந்த ஃபிட்டர்தான் வந்து பார்த்துக் கத்தினான்."

"எதுக்காகப் பேனலைத் திறந்தார்?"

மேனேஜரின் முகம் சுருங்கியது. பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் பெரிய மோட்டாரின் வேகத்தை இந்த டிரைவ்தான் ஆட்டிவைக்கிறது. பதினைந்து நாளாக அது ஓடுவதும் நிற்பதுமாக உயிரை வாங்கியிருக்கிறது. நிற்கும்போதெல்லாம் ஒரே புகார்: வரும் மின்சாரம் போதவில்லை. நின்றால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பாறையாக இறுகிவிடும். தோண்டி எடுக்க ஒரு நாள்.

"கரண்ட் ஆபீஸ்ல புகார் குடுத்தோம். வந்து அளந்து பார்த்துட்டு, சப்ளை சுத்தமா இருக்கு, கோளாறு உங்க வீட்டுக்குள்ளதான்னுட்டாங்க. கடைசியில டிரைவ் கம்பெனி ஆளையே வரச்சொன்னேன். அவன் மறுநாள் வர்றதா இருந்தது. அதுக்குள்ள நானே ஒருதடவை பார்த்துடறேன்னு இவர்தான் அடம்பிடிச்சார்."

சர்வேயர் இதை இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டது போலத் தோன்றியது. "ரேடியோ, பெட்டியைப் பேச வை."

ரேடியோ வாசலில் நின்ற இரண்டு மோட்டார் சைக்கிள்களின் பேட்டரிகளைக் கழற்றிவந்தான். ஒன்று ஏட்டுடையது. ஏட்டு முறைத்தார்.

"கவலைப்படாதீங்க சார், உங்க வண்டியை இன்னிக்கு எந்தத் திருடனும் ஓட்டிட்டுப் போக முடியாது." இரண்டையும் இணைத்து, பேனலுக்குள் தலைமுடி போல ஓடிய இரண்டு மெல்லிய கம்பிகளில் தொட்டான். டிரைவின் நெற்றியில் பச்சை எழுத்துகள் எரிந்தன.

"மேடம், இதுக்கு உடம்பு வேற, மூளை வேற. உடம்புக்கு மூணு ஃபேஸ் கரண்ட் வேணும். மூளைக்கு ஒரே ஒரு ஃபேஸ்லேர்ந்து இத்தனூண்டு போதும். இப்ப மூளை மட்டும் முழிச்சிருக்கு. உடம்பைத் தேடிப் பார்த்துட்டு, 'மெயின் இல்லை'ன்னு புலம்புது பாருங்க."

"பழசெல்லாம் ஞாபகம் வச்சிருக்குமா?"

"என் மாமியார் மாதிரி. யார் எப்ப வந்தாங்க, எப்ப போனாங்க, நிமிஷக் கணக்கு சொல்லும்."

அவன் விரலால் பொத்தானைத் தட்டித் தட்டிப் பின்னால் போனான். நாலு நாள் முன்னால். 11.06, சப்ளை போயிற்று. அட்டையில் இருந்த அதே நேரம். அடுத்த வரியில் ரேடியோவின் விரல் நின்றது.

"11.19. முழிச்சிருக்கு. அப்புறம் 11.20, மறுபடி சப்ளை போயிருக்கு."

"அதான் மேடம், ஃபிட்டர் மெயினைப் போட்டு அணைச்சது," என்றார் ஏட்டு, தன் பேட்டரிக்குப் பலன் கிடைத்த திருப்தியோடு.

"11.19ல என்ன சொல்லியிருக்கு, ரேடியோ? முழுசாப் படி."

ரேடியோ படித்தான். இன்னொரு தடவை படித்தான். "'மெயின் இல்லை.' இப்ப புலம்பற அதே புலம்பல்."

பக்கத்து இயந்திரம் குழாயை வெட்டித் தள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏட்டையா," என்றார் சர்வேயர், "ஃபிட்டர் இந்தக் கைப்பிடியைத் தூக்கியிருந்தா மூணு ஃபேஸும் சேர்ந்து வந்திருக்கும். உடம்பும் முழிச்சிருக்கும், மூளையும் முழிச்சிருக்கும். அன்னிக்கு மூளை மட்டும்தான் முழிச்சிருக்கு. மெயின் பூட்டினபடியேதான் இருந்தது. கரண்ட் வேற வழியா வந்திருக்கு. அதுவும் ஒரே ஒரு கம்பியில."

"வேற வழியே கிடையாதும்மா," என்றார் மேனேஜர்.

"தெரிஞ்சு ஒண்ணும் கிடையாது," என்று திருத்தினார் சர்வேயர்.

ரேடியோ பேட்டரிகளை எடுத்துவிட்டு, மீட்டரால் மூன்று தடவை சோதித்தபின் டார்ச்சோடு உள்ளே குனிந்தான். மெயினிலிருந்து வரும் மூன்று தடித்த கம்பிகள் மூன்று பெரிய திருகுகளில் இறங்கியிருந்தன. இரண்டு பளபளவென்று. முதல் திருகைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறிப் பொரிந்திருந்தது. திருகு பாதி கழன்றிருந்தது. கீழே, பேனலின் தரையில், சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு சிவப்புக் கம்பி, நுனி கருகி, அநாதையாகக் கிடந்தது.

"உபரிக் கம்பின்னு நினைச்சோம்," என்றார் ஏட்டு.

ரேடியோ கம்பியின் நுனியைத் திருகின் வாயில் வைத்துப் பார்த்தான். கருகிய அச்சு பொருந்தியது.

"ஒரே திருகுக்கு அடியில ரெண்டு கம்பி மேடம். தடியனும் ஒல்லியும் ஒரே கட்டில்ல படுத்தா தடியனுக்குத் தூக்கம் வராது. திருகு முழுசா இறுகாது. லோடு ஏறினா சூடாகும், இறங்கினா ஆறும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தளரும். மாசக்கணக்குல தளர்ந்து தளர்ந்து, அந்த ஒரு ஃபேஸ் விட்டு விட்டு வர ஆரம்பிச்சிருக்கு. டிரைவ் பசியில அடிக்கடி மயங்கி விழுந்திருக்கு. கரண்ட் ஆபீஸ்காரன் சொன்னது நிஜம். கோளாறு வீட்டுக்குள்ளதான்."

"பதினைஞ்சு நாளா அவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?" என்றார் மேனேஜர்.

"தெரிஞ்சிருந்தது," என்றார் சர்வேயர். "வர்ற வழியில லாக்கப்புல ஃபிட்டரைப் பார்த்தேன், ரெண்டு விஷயம் சொன்னான். முந்தின நாள் சண்டை எதுக்குன்னா, அவன் இந்தப் பேனலைத் திறக்கப்போனான், மாமா பிடிச்சுத் தள்ளியிருக்கார். மறுநாள், ஃபியூஸ் எடுத்துட்டு வான்னு ஸ்டோருக்கு அனுப்பியிருக்கார். பிரேதத்தோட சட்டைப் பையில என்ன இருந்துச்சு, ஏட்டையா?"

ஏட்டு மெதுவாகச் சொன்னார். "மூணு ஃபியூஸ்."

"தனியா இருக்கணும்னு அனுப்பியிருக்கார். மறுநாள் கம்பெனி ஆள் வந்து பேனலைத் திறக்கறதுக்குள்ள இந்தக் கம்பியைக் கழட்டிடணும்னு. கழட்டற அந்த நேரத்துல, கம்பியோட அந்தப் பக்கத்துலேர்ந்து கரண்ட் வந்திருக்கு. கை விடலை. ஒரு நிமிஷம். அப்புறம் விழும்போது கம்பியையும் பிடுங்கிக்கிட்டே விழுந்திருக்கார்."

அந்த ஒரு நிமிஷம் அங்கே நின்ற நால்வருக்கும் நீளமாக இருந்தது.

"கரண்ட் திருட்டு," என்றார் மேனேஜர், கைக்குட்டையை மடித்தபடி. "என்கிட்ட சம்பளம் வாங்கிக்கிட்டே..."

"அந்தப் பக்கத்தைப் பார்த்துட்டு வந்து பேசுவோம்."

சிவப்புக் கம்பிக்குத் துணையாக ஒரு கருப்புக் கம்பியும் இருந்தது. இரண்டும் பேனலின் அடிவயிற்றில் ஒரே உறைக்குள் புகுந்து, இரும்பு மூடி போட்ட கால்வாய் வழியே ஓடின. ரேடியோ ஒவ்வொரு மூடியாகத் தூக்கினான். சுவரோரம் கம்பி, இதே தொழிற்சாலையில் கழித்துப்போட்ட நீலக் குழாய்க்குள் நுழைந்து மண்ணுக்குள் போனது. சர்வேயரும் அவனும் வெளியே சுற்றி வந்தார்கள். புல் முளைத்த குறுகலான சந்து. அதன் கடைசியில், மதிலை ஒட்டிக் காவலாளிக்குக் கொடுத்திருந்த ஒற்றை அறை வீடு. நீலக் குழாய் அதன் பின்சுவரில் தலையைத் தூக்கியது. அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பி வெட்டப்பட்டிருந்தது. வெட்டு புதிது. சுற்றியிருந்த டேப் அதைவிடப் புதிது.

"குற்றவாளி டேப் சுத்திட்டுப் போயிருக்கான் மேடம்," என்றான் ரேடியோ. "கொலைகாரன் இவ்வளவு பொறுப்பா இருந்து நான் பார்த்ததில்லை."

பின்கதவு திறந்தது. காலையில் கேட்டில் அவர்களுக்குப் பதிவேட்டையும் பேனாவையும் நீட்டிய காவலாளி நின்றார். வேலை முடிந்து சட்டையைக் கழற்றியிருந்தார். சர்வேயரையும், ரேடியோவின் கையில் இருந்த கம்பியையும் பார்த்தார். கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்துவிட்டார்.

அறையில் ஒரு கட்டில். கட்டிலில் எலும்பும் தோலுமாக ஒரு பெண்மணி, மூக்கில் குழாய். தலைமாட்டில் ஒரு சூட்கேஸ் உயரத்துக்கு ஒரு இயந்திரம், மூச்சு விடுவது போலவே புஸ், புஸ் என்று இயங்கிக்கொண்டிருந்தது. அதன் ஒயர் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது. இருபது இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ கடைக்குப் போய்ட்டு வாம்மா," என்றார் காவலாளி. அவள் போனதும் கதவைச் சாத்தினார். "நுரையீரல் போயிடுச்சும்மா. அந்த மெஷின் நின்னா மூச்சு நின்னுடும். இந்த வீட்டுக்கு ஒரு விளக்கு, ஒரு ஃபேன், அவ்வளவுதான் லைன். மெஷினைப் போட்டா ஃபியூஸ் போயிடும். மேனேஜர்கிட்ட எழுதிக் குடுத்தேன். பார்க்கலாம்னார். எட்டு மாசமாப் பார்த்துக்கிட்டே இருக்கார்."

"அதனால நீங்களே கம்பி இழுத்துட்டீங்க," என்றான் ரேடியோ.

"நானா? எனக்கு பல்பு மாட்டவே தெரியாதுப்பா." காவலாளி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எலெக்ட்ரீஷியன்தான் போட்டுக் குடுத்தார். ஒரு ஞாயித்துக்கிழமை ஆள் இல்லாதப்ப வந்து, தானே பள்ளம் தோண்டி, தானே இழுத்தார். ஒரு வாய் தண்ணிதான் வாங்கிக் குடிச்சார். யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னார். தன் வீட்டுலகூட சொல்லலைன்னார்."

ரேடியோ கையில் இருந்த கம்பியைக் கீழே வைத்தான்.

"அப்புறம் அந்த டிரைவ் தகராறு பண்ண ஆரம்பிச்சுது. நிக்கும்போதெல்லாம் மெயினை அணைச்சு அணைச்சுப் பார்ப்பாங்க. அணைச்சா இங்க மெஷின் நின்னுடும். என் மச்சான்கிட்டேர்ந்து ஒரு சின்ன ஜெனரேட்டர் இரவல் வாங்கிட்டு வந்தேன். ரெண்டு பக்கமும் பிளக் வச்ச ஒயர் குடுத்து, சுவத்துல சொருகினா போதும், வீடு முழுக்க வரும்னான்."

"வீட்டுக்கு மட்டும் வராது," என்றான் ரேடியோ. அவன் குரல் இறங்கியிருந்தது. "வந்த வழியே பேனல் வரைக்கும் திரும்பிப் போகும்."

"இப்ப தெரியுது தம்பி," என்றார் காவலாளி. "அன்னிக்குக் காலையில அவர் கேட்டுக்கு வந்து, பதினோரு மணிக்கு அணைச்சு லைனைக் கழட்டப் போறேன், ரெண்டு நாள்ல வேற வழி பண்ணித் தர்றேன், ஆக்சிஜன் சிலிண்டர் வச்சுச் சமாளிங்கன்னார். ஜெனரேட்டர் வந்திருக்குன்னு சொல்ல வாயெடுத்தேன். மேனேஜர் கார் வந்துடுச்சு. அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

அவர் நிமிர்ந்தார். "நான்தான்மா ஜெனரேட்டரைப் போட்டேன். பதினொன்னு இருபதுக்கு முன்னாடி. எழுதிக்குங்க. கையெழுத்துப் போடறேன்."

ரேடியோ சர்வேயரின் காதருகே குனிந்தான். "எழுதிக்கலாம் மேடம். ஃபிட்டரும் வெளியே வந்துடுவான்."

சர்வேயர் தலையாட்டவில்லை. "காலையில கேட்டுல கையெழுத்துப் போடும்போது நாலு பக்கம் பின்னாடி புரட்டினேன். பழக்கதோஷம். அன்னிக்கு 11.18க்கு ஒரு லாரி உள்ளே வந்திருக்கு. 11.25க்கு இன்னொண்ணு. ரெண்டுலயும் உங்க கையெழுத்து, ரெண்டு டிரைவரோட கையெழுத்து. கேட்டுலேர்ந்து இங்க நடந்து வரவே அஞ்சு நிமிஷம். நீங்க கேட்டுலதான் இருந்தீங்க."

"இல்லம்மா, நான்..."

"சிலிண்டர் எவ்வளவு நேரம் வந்துச்சு?"

காவலாளியின் பார்வை கதவுப் பக்கம் போனது.

"பதிமூணு நிமிஷம்," என்றது கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்.

அவள் கடைக்குப் போகவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அதுலயும் கொஞ்சம்தான் மிச்சம் இருந்துச்சு. அம்மா உதடு நீலமாயிடுச்சு. கரண்ட் போனா ஜெனரேட்டரைப் போடுன்னு முந்தின நாள் அப்பா சொல்லியிருந்தார். போட்டேன்." அப்பாவின் பக்கம் திரும்பினாள். "லைன் கெட்டுப்போச்சு, அதான் வெட்டிட்டேன்னு சொன்னீங்க. எலெக்ட்ரீஷியன் அண்ணன் செத்தது வேற எதாலயோன்னு சொன்னீங்க."

"நீ வெளியே போ."

"அண்ணன் கீழ விழுந்து கிடந்தப்ப நான் இங்க, நல்லவேளை அம்மாவுக்கு மூச்சு வந்துடுச்சுன்னு சாமியைக் கும்பிட்டுக்கிட்டிருந்தேம்ப்பா."

காவலாளி தரையில் உட்கார்ந்துவிட்டார். கட்டிலில் இருந்த பெண்மணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பேச அவளுக்கு மூச்சு இல்லை. ஒரு கையை மட்டும் மகள் இருந்த பக்கம் நீட்டினாள். கை பாதி வழியிலேயே போர்வையில் விழுந்தது.

சர்வேயர் அந்தப் பெண்ணிடம் தணிந்த குரலில் சொன்னார்: "உனக்குத் தெரியாது. தெரியாதுங்கறதை நான் எழுதிக் குடுப்பேன். ஆனா உள்ளே ஒருத்தன் இருக்கான். அவன் எதுவுமே பண்ணலை."

"வர்றேன்," என்றாள் அவள். செருப்பு மாட்டிக்கொள்ளும்போது கால் இரண்டு தடவை தவறியது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்டேஷனில் ஃபிட்டரை வெளியே விட்டார்கள். அக்காவைப் பார்த்ததும் அவன் சின்னப் பிள்ளை மாதிரி அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். சர்வேயர் நடந்ததை எதையும் கூட்டாமல், குறைக்காமல் அவளிடம் சொன்னார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"என்கிட்டகூட சொல்லலையே," என்றாள். "அந்த ஞாயித்துக்கிழமை கை முழுக்க மண்ணோட வந்தார். எங்க போயிட்டு வர்றீங்கன்னு சண்டை போட்டேன். நாலு நாள் பேசலை."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணை அப்போதுதான் பார்த்தாள். யாரும் காட்டவில்லை. ஆனாலும் தெரிந்துகொண்டாள். அருகே போய் நின்றாள். அந்தப் பெண் எழுந்தாள். அடிப்பாளோ என்று ரேடியோ ஒரு எட்டு முன்னால் வைத்தான்.

"உங்கம்மா பக்கத்துல இப்ப யார் இருக்கா?"

"அப்பா."

அவள் இன்னும் ஏதோ சொல்ல நினைத்தவள் போல நின்றாள். தம்பியிடம் திரும்பினாள். "பக்கத்து வீட்டுலேர்ந்து ஒயர் போட்டிருக்காங்களாம். நீ ஒருதடவை போய் சரியா இருக்கான்னு பார்த்துட்டு வா."

"முடியாதுக்கா," என்றான் ஃபிட்டர். "என்னால அந்த வீட்டு வாசப்படி மிதிக்க முடியாது."

அவள் வற்புறுத்தவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். அவர்களைத் தாண்டி ரேடியோவும் போனான். எங்கே என்று சர்வேயர் கேட்கவில்லை. மதியம் கழற்றிய டூல்ஸ் பையை அவன் தோளில் மாட்டியிருந்தான்.

உள்ளே இன்ஸ்பெக்டர் புதிய தாள் ஒன்றை எடுத்தார். அந்தப் பெண்ணின் பெயரும் விலாசமும் எழுதி முடித்து நிமிர்ந்தார்.

"வயசு?"

"இருபத்திரண்டு."

"தொழில்?"

"அம்மாவைப் பார்த்துக்கறேன்."

இன்ஸ்பெக்டரின் பேனா கொஞ்சம் தயங்கியது. பிறகு அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு, அடுத்த கேள்விக்குப் போனார்.